மராமத்து யார் கையில்? சாலைப் பராமரிப்பைத் துறையே திரும்ப எடுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

செங்கோட்டையிலிருந்து மேற்கே போனால் புளியரை தாண்டி எஸ் வளைவு வரும். அதில் சுற்றி ஏறினால் ஆரியங்காவு. மலைக்கு இந்தப் பக்கம் சாலையைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு நெடுஞ்சாலைத் துறை என்று பெயர். அந்தப் பக்கம், கேரளத்தில், பொதுமராமத்து வகுப்பு. மராமத்து என்றால் பழுதுபார்ப்பது. இருப்பதைக் கெடாமல் காப்பதுதான் முதல் வேலை என்பதை அந்தத் துறை தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் மலைக்கு மேற்கே இருந்த ஆட்சியில்தான் இருந்தது. அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூரை ஓடு மாற்றுவதைக்கூட மராமத்து என்றுதான் சொல்வார்கள்.

அந்த மராமத்து இப்போது பெரும்பாலும் துறை ஆட்களின் கையில் இல்லை. டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்து, பில் பார்த்துப் பணம் கொடுக்கும் வேலையாக அது மாறிவிட்டது. இரு மாநிலங்களிலும் இதுதான் நிலை. ஆனால் வெளிநாடுகள் சிலவற்றில் கடந்த 15, 20 ஆண்டுகளில் வண்டி எதிர்த்திசையிலும் ஓடத் தொடங்கியிருக்கிறது. வெளியே கொடுத்த வேலையை அரசோ நகராட்சியோ திரும்ப எடுத்துக்கொண்டு, தன் சம்பளப் பட்டியலில் உள்ள ஆட்களையும் தன் வண்டிகளையும் வைத்துத் தானே செய்கிறது. இதைத் துறைவசமாக்குதல் என்று சொல்லலாம். டெண்டர், பில் என்றெல்லாம் புழங்காதவர்களுக்கும் விளங்கும்படி, எங்கள் எல்லைச் சாலைகளை வைத்தே இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

பராமரிப்பு என்றால் எந்த வேலை?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

தார்ச்சாலையைக் கெடுப்பது வண்டியா, தண்ணீரா? வண்டி என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. ஆனால் முதலில் வழி திறந்துவிடுவது தண்ணீர். நாம் பார்க்கும் கறுப்புத் தோல் சில சென்டிமீட்டர் கனம்தான். அதற்கு அடியில் ஜல்லியும் கிராவலும் அடுக்கடுக்காக இறுக்கிப் போடப்பட்டிருக்கும். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த அடுக்குகள். மேல்தோல் அவற்றுக்கு மழைக்கோட்டு மாதிரி. அந்தத் தோலில் நூல் கனத்துக்கு ஒரு வெடிப்பு விழுந்து தண்ணீர் இறங்கினால், கல்லைப் பற்றியிருக்கும் தார் பிடியை விடும், அடிமண் இளகும். மேலே லாரிச் சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் உள்ளே நிற்கும் தண்ணீர் அழுந்திப் பீய்ச்சிக் கல்லை வெளியே தள்ளும். முதல் நாள் உள்ளங்கை அளவு இருக்கும் குழி, மழை விடாமல் பெய்தால் சில நாளில் சாந்துச் சட்டி அளவுக்கு வந்துவிடும்.

ஆகவே சாலைப் பராமரிப்பில் பாதி வேலை தாருக்கு வெளியே இருக்கிறது. சாலையின் நடு சற்று உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருக்கும். மழை மிகுந்த இடத்தில் மெல்லிய தார்ச்சாலைக்கு இந்தச் சரிவு 100-க்கு 2.5 இருக்க வேண்டும் என்று, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் விதித்திருக்கிறது. இந்தச் சரிவில் வழியும் தண்ணீர், சாலையை ஒட்டிய மண் பட்டையைக் கடந்து ஓடையில் விழ வேண்டும். அந்த மண் பட்டைக்குத் துறையில் புருவம் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் புருவம் காப்பது போலத்தான் அதுவும். ஆனால் புல்லும் மண்ணும் சேர்ந்து புருவம் மேடிட்டுவிட்டால் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தாரின் மேலேயே தேங்கும். அதை மம்பட்டியால் செதுக்கித் தாழ்த்த வேண்டும். ஓடையில் அடைத்துக் கிடக்கும் தேக்கிலையையும் பிளாஸ்டிக் பையையும் வார வேண்டும். சிறுபாலத்தின் வாயில் சிக்கிய கிளையை இழுத்துப் போட வேண்டும். வளைவில் பார்வையை மறைக்கும் முட்செடியை வெட்ட வேண்டும். மெல்லிய வெடிப்பு தெரிந்த அன்றே அதில் தார்க்குழம்பு ஊற்றி மூட வேண்டும்.

குழி விழுந்துவிட்டால் அதை மூடுவதற்கும் முறை உண்டு. குழியைச் சுற்றி உறுதியான பகுதிவரை சதுரமாக, செங்குத்தாக வெட்ட வேண்டும். உள்ளே ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்து, அடியிலும் பக்கங்களிலும் தார் பூசி, கலவையை நிரப்பி, சுற்றியுள்ள மட்டத்துக்கு வரும்படி இடித்து இறுக்க வேண்டும். நாம் அடிக்கடி பார்ப்பது வேறு. டிராக்டரில் வரும் கலவையைக் குழியில் கொட்டி, மம்பட்டிப் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒட்டு அடுத்த மழைக்குப் பெயர்ந்துவிடும்.

இவற்றில் எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். அதே ஆள், அதே சாலையை, அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் எப்போது தண்ணீர் ஏறும் என்பது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லை ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழை ஜூன் முதல் வாரம் இறங்கும்போது கணவாய் வழியாக எங்களுக்குச் சாரல் வந்துவிடும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு மழை. உள்மாவட்டச் சாலைகள் பெரும்பாலும் ஒரு மழையைத்தான் பலமாகச் சந்திக்கின்றன. எங்கள் சாலைகளுக்கு இரண்டு. அரசின் நிதியாண்டு தொடங்குவதோ ஏப்ரல் 1. நிதி ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, டெண்டர் அறிவித்து, திறந்து, பணி ஆணை கொடுத்து முடிப்பதற்குள் சாரல் தொடங்கிவிடும். மழைக்கு முன் தூர்வார வேண்டிய ஓடைக்கு மழை நடுவில் ஆணை கிடைக்கும். சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம், "ஏன் அண்ணாச்சி, உங்க காலத்துல மட்டும் ஓடை எப்படிச் சுத்தமா இருந்துச்சு?" என்று கேட்டேன். "தம்பி, மழைக்கு மொத நாளு நாங்க ரோட்டுல நிப்போம். மறுநாளு வந்து என்ன செய்ய?" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது ஏறக்குறைய அவர் சொன்னதுதான்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்காசி மாவட்டத்திலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் புளியரை வழியே கேரளத்துக்குப் போகின்றன. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை ஒன்று, அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்காகும் என்று காட்டியது. இந்தியாவில் நான்கு சக்கரமுள்ள ஒற்றை அச்சுக்கான அனுமதிப் பாரத்தை 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். பார்க்கச் சிறிய உயர்வு. அந்தக் கணக்கின்படி சேதம் 60 விழுக்காடு கூடும். அனுமதிக்கு மேல் ஏற்றும் வண்டிகள் இதில் சேரவில்லை.

வேலை வெளியே போன கதை

சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைக்கெனத் தனித்துறை 1946-இல் உருவானது. நீண்ட காலம் சாலையோரப் பராமரிப்பு என்றால் கேங்மேன், மஸ்தூர் என்று அழைக்கப்பட்ட துறைத் தொழிலாளர்களின் வேலைதான். பெரிய கட்டுமானங்களுக்கு அப்போதும் ஒப்பந்தம் உண்டு. ஆனால் ஓடை, புருவம், குழி எல்லாம் வீட்டு வேலை போல உள்ளேயே நடந்தன.

1997-இல் தமிழக அரசு சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை நியமித்தது. ஆட்சி மாறியது. 2002 செப்டம்பரில் அவர்கள் அத்தனை பேரும் ஒரே உத்தரவில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 41 மாதம் வேலை இல்லை. 2006 பிப்ரவரியில் திரும்ப எடுக்கப்பட்டார்கள். வெளியே நின்ற அந்த 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையுடன் அவர்களுடைய சங்கம் பின்னர் ஆண்டுக்கணக்காகப் போராடியது. நம் மாநிலத்தில் துறைவசமாக்குதல் என்ற சொல்லுக்கு உடனே நினைவுக்கு வர வேண்டிய உதாரணம் இதுதான். வெளிநாட்டுக் கதைகளைத் தேடிப் போவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ஆட்களைத் திரும்ப எடுத்ததால் மட்டும் வேலை உள்ளே திரும்பிவிடாது என்பதும் இதிலேயே தெரிகிறது. ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் ஒப்பந்த முறை நாளுக்கு நாள் வளர்ந்தது.

அடுத்த கட்டம், கோட்டம் என்னும் துறைப் பிரிவு ஒன்றின் சாலைகள் முழுவதையும் மொத்தமாகக் கொடுப்பது. செயல்பாட்டு அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் முதலில் அது வந்தது பொள்ளாச்சிக் கோட்டத்தில், பாலக்காட்டு எல்லையை ஒட்டி. பின்னர் ஆந்திர எல்லையில் கிருஷ்ணகிரி, திருவள்ளூர் போன்ற கோட்டங்களுக்கும் பரவியது. பழைய முறையில் இத்தனை குழி, இத்தனை கன மீட்டர் கலவை என்று அளந்து பணம் கொடுப்பார்கள். புதிய முறையில் அந்தக் கோட்டத்தின் சாலைகள் 5 ஆண்டுக்கு இந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை ஆள், எந்த இயந்திரம் என்பது ஒப்பந்ததாரர் பாடு. தரம் குறைந்தால் பணம் பிடிக்கப்படும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாலைப் பணியாளர் சங்கம் இதைத் தொடக்கம் முதல் எதிர்க்கிறது. எங்கள் வேலையே இல்லாமல் போகும் என்பது அவர்களுடைய அச்சம்.

கேரளம் வேறொரு வழியில் போனது. 2021-க்குப் பிறகு அமைச்சர் பி.ஏ. முகமது ரியாஸ் காலத்தில் ரன்னிங் கான்ட்ராக்ட் என்ற முறை வந்தது. ஒரு சாலையின் பராமரிப்பை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பார்கள். குழி விழுந்த பிறகு டெண்டர் விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சாலையோரத்தில் நீலப்பலகையோ வேறு பலகையோ வைத்து, பொறுப்பில் இருக்கும் ஒப்பந்ததாரர் பெயரும் பொறியாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டார்கள். வேலை வெளியே இருந்தாலும் பொறுப்பு யாருடையது என்பது வழிப்போக்கருக்கும் தெரியும். இந்த ஒன்றை நம் பக்கமும் நாளைக்கே செய்யலாம்.

சுங்கச்சாலை இன்னொரு வகை. அங்கே சாலையைப் போடுவது, பராமரிப்பது, கட்டணம் வசூலிப்பது எல்லாம் ஒரே நிறுவனம், பல ஆண்டுகளுக்கு. வாளையாரைத் தாண்டிக் கொச்சிக்குப் போகிறவர்களுக்குத் திருச்சூர் அருகே பாலியேக்கரை சுங்கச்சாவடி தெரிந்திருக்கும். 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், சாலை ஒழுங்காக இல்லாதபோது கட்டணம் கேட்க முடியாது என்று அங்கே வசூலை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

வெளியே கொடுத்துத் திரும்ப எடுத்தவர்கள்

இங்கே சுருக்கமாகவே போகிறேன், நம் நிலைமை வேறு என்பதால்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் 2005-இல் உருவானபோது போலீஸ், தீயணைப்பு தவிர ஏறக்குறைய எல்லா வேலைகளையும் தனியாரிடம் கொடுத்துப் பெயர் வாங்கியது. தனியார்மயத்துக்கு முன்மாதிரி என்று உலகெங்கும் அதைக் காட்டினார்கள். 2019-இல் அதே நகரம், 5 ஆண்டில் சுமார் 1.4 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, பெரும்பாலான வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கொள்கைச் சண்டை எதுவும் இல்லை. கணக்குப் புத்தகம்தான் பேசியது.

கனடாவின் ஒன்ராறியோவில் நெடுஞ்சாலைப் பனி அகற்றும் வேலையை, எத்தனை வண்டி என்று கேட்காமல் தரத்தை மட்டும் சொல்லி ஒப்பந்தம் விட்டார்கள். நம் பொள்ளாச்சி முறையின் உறவுக்காரன். மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2015-இல் அதை ஆராய்ந்தபோது ஒப்பந்ததாரர்கள் குறைந்த வண்டிகளையும், பனியை உருக்கக் குறைந்த உப்பையும் வைத்துச் சமாளித்ததும், சாலை தெளிய முன்பைவிட அதிக நேரம் ஆனதும் தெரிந்தது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் 2010-இல் 25 ஆண்டுக்குச் சாலைகளை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. எந்த அளவு வேலை ஒப்பந்தத்துக்குள் அடங்கும் என்பதிலேயே வழக்காகி, கடைசியில் 2019-இல் அந்த நிறுவனம் 21.5 கோடி பவுண்டு கொடுத்து விலகிக்கொண்டது. அங்கே வேலை துறைக்குத் திரும்பவில்லை, இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. நீண்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு விலை இருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

திரும்ப எடுப்பது எப்படி நடக்கும்?

ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டால் வேலை தானாகத் துறைக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் காத்திருக்க வேண்டும். நடுவில் முறித்தால் நஷ்டஈடு கேட்பார்கள். ஆகவே முடியும் தேதியைக் குறித்துவைத்து, அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே ஏற்பாட்டைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது பதிவேடு. எந்தச் சாலையில் எத்தனை சிறுபாலம், எது எப்போது தூர்வாரப்பட்டது, எந்தக் கிலோமீட்டரில் ஆண்டுதோறும் குழி விழுகிறது என்பதெல்லாம் 5 ஆண்டு வெளியே இருந்த பிறகு துறையின் ஏட்டில் இருக்காது. ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் தலையில் இருக்கும். அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் அவரோடு போய்விடும். இந்த விவரங்களை மாதந்தோறும் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் உதவிப் பொறியாளரும் சாலை ஆய்வாளரும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் நடந்து புதிதாக எழுத வேண்டும். இந்த அறிவிழப்பைப் பணத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை. எனக்கு இதில்தான் மனம் அதிகம் வலிக்கிறது. அடைத்திருக்கும் ஓடையை ஒரு வாரத்தில் தூர்வாரிவிடலாம். அந்த ஓடை எந்த மாதம் அடைக்கும் என்பதை அறிந்த மனிதரை உருவாக்கப் பத்து ஆண்டாகும்.

பிறகு ஆட்கள். 1997-இல் சேர்ந்த இளைஞர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, ஆண்டுதோறும் ஓய்வு பெறுகிறார்கள். காலியிடங்களை நிரப்பாமல் துறைவசமாக்குதல் என்று பேசுவது வீண்பேச்சு. ஒப்பந்ததாரரிடம் இப்போது வேலை செய்பவர்களை அப்படியே துறையில் சேர்த்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். சட்டம் அதை எளிதாக்கவில்லை. ஒப்பந்த முறையை ஒழித்தாலும் தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001-இல், இந்திய உருக்கு ஆணைய வழக்கில் சொன்னது. முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்களை நிரந்தரமாக்குவதற்கு 2006-இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு கடிவாளம் போட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, நீண்ட காலம் உழைத்தவர்களை வெளியே தள்ளக் கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது ஓர் ஆறுதல். ஆகவே தேர்வை முறையாக அறிவித்து, அந்தச் சாலையில் வேலை செய்த அனுபவத்துக்கு அதில் உரிய மதிப்புத் தருவதே நடக்கக்கூடிய வழி.

இயந்திரங்கள் கடைசி. சிறு ரோலர், கலவை கொண்டுபோக ஒரு வண்டி, ஓடை வார ஒரு ஜேசிபி, குழியின் ஓரத்தை வெட்டும் கருவி ஆகியவை ஒரு உட்கோட்டத்துக்குப் போதும். சூடான கலவை தயாரிக்கும் ஆலையைத் துறையே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதிலிருந்து கலவையை விலைக்கு வாங்கலாம். சாரல் நேரத்துக்கு, சூடாக்கத் தேவையில்லாத குளிர்கலவை மூட்டைகளை இருப்பு வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கணக்குக்காக, கூலியும் பொருளுமாக 100 ரூபாய் ஆகும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரருக்கு அலுவலகச் செலவு என்று 8 ரூபாய் வைத்தால் 108. அதன் மேல் லாபம் 10 விழுக்காடு என்றால் 118 ரூபாய் 80 காசு. அரசுப் பணி ஒப்பந்தங்களுக்கு 2022 ஜூலை முதல் ஜிஎஸ்டி 12-லிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. அதையும் சேர்த்தால் சுமார் 140 ரூபாய்.

உடனே 40 ரூபாய் மிச்சம் என்று குதித்துவிடக் கூடாது. வரியில் பாதி மாநில அரசுக்கே திரும்ப வருகிறது. துறை நேரடியாகத் தாரும் ஜல்லியும் வாங்கினாலும் அவற்றுக்கு வரி உண்டு. அலுவலகச் செலவு துறைக்கும் உண்டு. நிரந்தரப் பணியாளருக்குச் சம்பளத்தோடு ஓய்வூதியப் பங்கு, மருத்துவம், விடுப்பு எல்லாம் உண்டு. அவர் சும்மா இருக்கும் நாளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே வேலைக்கு வேலை பார்த்தால் ஒப்பந்தம் சில சமயம் மலிவாகவே இருக்கும். நேர்மையாகப் பேச விரும்புகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணக்கு புரண்டு விழுவது வேறோர் இடத்தில். இன்றைக்கு ஓர் ஆள் அரை நாளில் சிறுபாலத்தின் வாயைச் சுத்தம் செய்தால் போகும் செலவு அவருடைய அரை நாள் கூலி. செய்யாமல் விட்டு, தண்ணீர் சாலை மேல் ஏறி, ஓரம் அரித்து, அடிமண் இளகிவிட்டால் அந்த நூறு மீட்டரைத் தோண்டித் திரும்பப் போட வேண்டும். அது லட்சங்களில் போகும். அந்த அரை நாள் வேலைக்குத் தனியாக டெண்டர் விட முடியாது. மதிப்பீடு போடும் தாளின் விலைகூடப் பெறாத வேலை அது. செய்யாமல் விட்டால் யாருக்கும் பில் குறைவதில்லை. தோண்டித் திரும்பப் போடும் வேலைக்கோ தாராளமாக டெண்டர் வரும். யார் கெட்டவர், யார் நல்லவர் என்ற பேச்சே இங்கே தேவையில்லை. கெட்டுப்போனதைச் சரிசெய்யப் பணம் கிடைக்கும், கெடாமல் காக்கப் பணம் கிடைக்காது என்று ஏற்பாடு செய்துவைத்தால் எந்த நல்ல மனிதரும் முதலாவதைத்தான் செய்வார்.

இதனால்தான் என் முடிவு இப்படி வருகிறது: அன்றாடப் பராமரிப்பை, அதாவது ஓடை, புருவம், சிறுபாலம், முட்செடி, வெடிப்பு, சிறு குழி ஆகியவற்றைத் துறை திரும்ப எடுக்க வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை மேல்தோல் போடுவது, அகலப்படுத்துவது, பாலம் கட்டுவது போன்றவை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அவற்றுக்கான பெரிய இயந்திரங்களை வாங்கி ஆண்டில் எட்டு மாதம் துருப்பிடிக்க விடுவதில் யாருக்கும் பயன் இல்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது

துறை ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது நாம் அதிகம் கேட்கும் வாதம். அப்படி நடந்த இடங்களும் உண்டு. சாலைப் பணியாளர்களை அலுவலக எடுபிடிக்கும் அதிகாரிகளின் வீட்டு வேலைக்கும் பயன்படுத்தியதாக எழும் புகார்களும் அதே நோயின் இன்னொரு முகம். இதற்கு மருந்து, ஒவ்வொருவருக்கும் இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர்வரை என்று எழுத்தில் பிரித்துக் கொடுப்பது. கேரளப் பலகையில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கும் இடத்தில் இங்கே சாலை ஆய்வாளர் பதவியும் அலுவலக எண்ணும் இருக்கட்டும்.

வேலையைத் துறை எடுத்துக்கொண்டு நிதி ஒதுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது இன்னும் கனமான கேள்வி. ஒப்பந்தம் இருந்தால் பணம் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் அரசுக்கு உண்டு. துறைக்குள் இருந்தால் பணம் இல்லை என்று சொல்லித் தார் வாங்காமல் இருந்துவிடலாம். மம்பட்டியும் கையுமாக ஆள் நிற்பார், போட ஜல்லி இருக்காது. பழைய நாட்களில் இது நடந்தது. பராமரிப்பு நிதியைத் தனித் தலைப்பில் ஒதுக்கி, வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்று கட்டுப்படுத்தாமல் துறைவசமாக்கினால் தோற்றுப்போவோம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு, அதுவும் கேரளத்தில். கோழிக்கோடு மாவட்டம் வடகரைப் பக்கம் 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்று மாநிலம் முழுக்கச் சாலையும் பாலமும் போடுகிறது. ஒப்பந்தம் எடுப்பதும் தொழிலாளர்கள்தான், சங்கத்தின் உடைமையாளர்களும் அவர்கள்தான். லாபம் ஒருவர் பையில் போய்ச் சேருவதில்லை. செங்கோட்டையிலும் தேவிகுளத்திலும் கம்பத்திலும் தொழிலாளர்கள் இப்படி ஒரு சங்கம் வைத்து அன்றாடப் பராமரிப்பை எடுத்துச் செய்ய முடியுமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. முடியும் என்றே தோன்றுகிறது.

உங்கள் சாலையில் நிலைமை என்ன?

இதைத் தெரிந்துகொள்வது எளிது. முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாகத் திருமங்கலம் போகும் சாலை 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஆகவே அதன் குழிக்கு ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. பிறகு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதலாம். இந்தச் சாலையின் அன்றாடப் பராமரிப்பு யாரிடம் இருக்கிறது, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எதுவரை, கடந்த ஆண்டில் எந்தெந்தச் சிறுபாலங்கள் எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டன என்று கேளுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்பது, புதிதாகப் போட்ட சாலை கெட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டிய காலம். அது முடிவதற்குள் குழியைக் காட்டிவிட்டால் பொதுப்பணம் போகாது.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தூர்வாரிய தேதியைக் கேட்டால்தான் அந்த வேலை மழைக்கு முன் நடந்ததா பின் நடந்ததா என்பது தெரியும். மனுவை மார்ச் மாதமே அனுப்பிவிடுங்கள். பதில் வர 30 நாள் ஆகும். ஏப்ரல் கடைசியில் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிறுபாலத்தின் பக்கம் இறங்கிக் குனிந்து பாருங்கள். வாய் அடைத்திருந்தால் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு ஒரு படம் எடுத்து உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுங்கள். சாரல் தொடங்க அப்போது இன்னும் ஐந்து வாரம் இருக்கும்.